வீட்டு ஆட்களை இயல்பாகப் படமெடுக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் சொந்தக்காரர் வீடுகள் சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை, சிவதாபுரம் என்று பரவிக் கிடக்கின்றன. ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் சித்தி வீடு. பத்துப் பன்னிரண்டு வருடமாக இந்த வீடுகளில் யாரையும் வரிசையில் நிறுத்தாமல், "இங்கே பாருங்க" என்று சொல்லாமல் படம் எடுத்து வருகிறேன். அதனால் யார் போனில் படம் சரியாக வராவிட்டாலும் அது என் கைக்கு வந்துவிடும். வாங்கிப் பார்த்தால் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுக் கோளாறுகள்தான்.

உங்கள் படத்தில் தெரிவது எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். காசு செலவில்லாத சோதனை முதலில் இருக்கும், கடைக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டியது கடைசியில்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் லென்ஸைத் துடைத்துவிடுங்கள். அடுப்படியில் புழங்கும் போனில் எண்ணெய்ப் படலம் இல்லாமல் இருக்காது. துவைத்துப் பழகிய பருத்தித் துணி போதும். கேமரா லென்ஸ் என்றால் முதலில் தூசியை ஊதித் தள்ளிவிட்டு, அப்புறம் லென்ஸ் துணியால் துடையுங்கள். போன் கேமராவின் மேல் கடையில் ஒட்டிக்கொடுத்த கண்ணாடி ஸ்டிக்கர் இருந்தால் அதை எடுத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். என்னிடம் வரும் "மங்கலான" போன்களில் பாதி இந்த இரண்டிலேயே தெளிந்துவிடும்.

## கேமராவை எடுத்ததும் எல்லோரும் விறைத்துக்கொள்கிறார்கள்

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். ஒரு நொடிக்கு முன்னால் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்த அம்மாயி, கேமராவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டு, கைகளை மடியில் வைத்து, பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுவார். பிள்ளைகள் இரண்டு விரலைத் தூக்குவார்கள். காரணங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சத்தமும் ஃபிளாஷும். இரண்டையும் அணைத்துவிடுங்கள். முதல் "கிளிக்" கேட்டதும் அறையில் இருக்கும் எல்லோரும் திரும்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் போஸ்தான்.

கேமரா விசேஷத்துக்கு மட்டும் வெளியே வருகிறது. கிரகப்பிரவேசத்துக்கும் பிறந்தநாளுக்கும் மட்டுமே பீரோவிலிருந்து இறங்கும் கேமரா என்றால், அதைக் கண்டதும் நிமிர்ந்து நிற்கத்தான் தோன்றும். ஒரு வாரம் அதைச் செய்தித்தாள் கிடக்கிற இடத்திலேயே போட்டு வையுங்கள். காபி டம்ளர், வாசல் கோலம், சும்மா கிடக்கிற செருப்பு என்று எதையாவது எடுத்துக்கொண்டிருங்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் முதல் பத்துப் படம் கணக்கில் வராது. அவை அங்கிருப்பவர்களுக்கு அலுத்துப்போகட்டும் என்பதற்காக எடுப்பவை, பிறகு அழித்துவிடலாம்.

நீங்கள் நிற்கிறீர்கள். எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்க நீங்கள் மட்டும் நின்றால் அத்தனை கண்ணும் உங்கள் மேல்தான். நீங்களும் உட்காருங்கள். பேச்சிலும் கலந்துகொள்ளுங்கள்.

அவர்கள் கை சும்மா இருக்கிறது. எனக்குத் தெரிந்ததில் நன்றாக வேலை செய்யும் வழி இது. பூ கட்டுவது, முருங்கைக்கீரை உருவுவது, மே மாதம் என்றால் கூடையில் வந்த மாம்பழத்தை அறுப்பது, தட்டுவடை செட்டுக்குக் கேரட் பீட்ரூட் துருவுவது என்று கைக்கு ஒரு வேலை இருந்தால் கண் தானாகக் கையைத் தேடிப் போகும். அம்மாயியை நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படங்கள் எல்லாமே கீரை உருவும்போது எடுத்தவை. அந்த நேரத்தில் அவர் ஊர்க்கதை பேசுவார், முகம் முழுக்க அந்தக் கதை ஓடும்.

எடுத்த உடனே காட்டுகிறீர்கள். "ஐயோ, கன்னம் உப்பித் தெரியுது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அடுத்த படத்துக்கு அவர் கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டுதான் இருப்பார். சாயங்காலம் காபி குடிக்கும்போது மொத்தமாகக் காட்டுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவருக்கு விருப்பமில்லை என்று பொருள். கேமராவைக் கீழே வைத்துவிட வேண்டும். வளரும் பிள்ளைகள், புதிதாக வீட்டுக்கு வந்த மருமகள், உடம்பு முடியாதவர்கள் விஷயத்தில் நான் இதில் கண்டிப்பாக இருக்கிறேன். எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடும் முன்னாலும் கேட்டுவிடுவேன். சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது இரண்டு மாதம் அவர் பக்கம் கேமராவைத் திருப்பவே இல்லை. ஒருநாள் அவரே, "என்ன கண்ணு, கேமராவைக் காணோம்?" என்றார். அன்றைக்கு எடுத்தேன்.

வெளியாளைக் கூப்பிட்டு இந்தக் கோளாறைத் தீர்க்க முடியாது. வீட்டுக்குள் புது முகம் வந்தால் விறைப்பு இன்னும் கூடும்.

## படம் கலங்கி வருகிறது

படத்தைப் பெரிதாக்கி, எது தெளிவாக இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். வழி அங்கே மூன்றாகப் பிரிகிறது.

### எதுவுமே தெளிவாக இல்லை

லென்ஸைத் துடைத்தாகிவிட்டது என்றால் கை ஆடியிருக்கிறது. குகை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசலிலும் கொல்லையிலும்தான் வெளிச்சம். நடு அறையில் உச்சிவேளையிலும் விளக்கு போட்டால்தான் ஆள் தெரியும். அங்கே கேமராவின் ஷட்டர் வேகம், அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், தானாகவே 1/15 நொடிக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் நாம் மூச்சு விட்டாலே படம் ஆடும். முழங்கையை விலாவோடு ஒட்டி, நிலைக்கதவில் சாய்ந்துகொள்ளுங்கள். கேமராவில் வேகத்தை 1/60-க்குக் கீழே விடாதீர்கள்.

வெட்டவெளியில், நல்ல வெயிலிலும் இப்படியே வந்தால் கருவியில் கோளாறு. போன் சமீபத்தில் கீழே விழுந்ததா? கேமராவைத் திறந்தால் திரையில் காட்சி தானாக நடுங்குகிறதா? காதருகே வைத்தால் மெல்ல "ர்ர்" என்று கேட்கிறதா? அப்படியென்றால் கை ஆட்டத்தைச் சமன்செய்யும் பாகம் பழுதாகியிருக்கலாம். பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பைக் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது போன் சட்டைப்பையில் இருப்பதே நல்லது. பழுதாகிவிட்டால் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

### சுவர் தெளிவு, ஆள் மட்டும் கலங்கல்

ஆள் அசைந்திருக்கிறார், ஷட்டர் மெதுவாக இருந்திருக்கிறது. நான் வைத்துக்கொள்ளும் கணக்கு: உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு 1/125, நடமாடும் குழந்தைக்கு 1/250, திண்ணையிலிருந்து குதிக்கும் குழந்தைக்கு 1/500. வெளிச்சம் போதாமல் கேமரா மறுத்தால் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 3200, 6400 என்று தயங்காமல் ஏற்றுங்கள். படத்தில் புள்ளி விழும் என்று பயந்து 400-லேயே நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். புள்ளி விழுந்தாலும் சிரிப்பு தெரியும். கலங்கினால் அந்தச் சிரிப்பே போய்விடும். கேமராவில் ஆட்டோ ஐஎஸ்ஓ இருந்தால், குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/250 என்று அதற்குள்ளேயே சொல்லி வைக்கலாம். ஒருமுறை வைத்துவிட்டால் அப்புறம் வீட்டுக்குள் அந்தப் பக்கமே போக வேண்டியிருக்காது.

போனில் நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது வெளிச்சத்தைச் சேர்க்க ஓரிரு நொடி எடுத்துக்கொள்ளும். தூங்குகிற குழந்தைக்கு அது சரி, விளையாடுகிற குழந்தைக்கு ஆகாது. ஆட்கள் கொல்லைக்கோ வாசலுக்கோ வரும்வரை காத்திருப்பது அதைவிட நல்ல வழி.

இதற்கும் தீராவிட்டால் மட்டும் செலவு. லென்ஸில் எஃப் எண் சிறியதாக இருந்தால் திறப்பு பெரிது. கேமராவோடு வந்த ஜூம் லென்ஸ் இழுத்துப் பிடித்தால் எஃப்/5.6-இல் நிற்கும். எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 50 மிமீ எஃப்/1.8 தான் விலை குறைவு என்று எல்லோரும் வாங்குகிறார்கள். சிறிய சென்சார் கேமராவில் அது நம் பத்தடி அறைக்கு நெருக்கம், பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொள்வோம். 35 மிமீ கிடைத்தால் அதை வாங்குங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அம்மாப்பேட்டையில் மாமா தறியில் உட்கார்ந்தால் நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டு ஓடும் கட்டை) ஓடுவது கலங்கித்தான் வரும். அதை நிறுத்தப் பார்க்காதீர்கள். அவர் முகம் தெளிவாக இருந்து நாடா கோடாக ஓடினால், தறிச் சத்தமே காதில் விழுகிற மாதிரி இருக்கும்.

### பின்னால் தொங்கும் காலண்டர் தெளிவு, முகம் கலங்கல்

ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. போனில் முகத்தின் மேல் ஒரு தட்டு தட்டிவிட்டு எடுங்கள். கேமராவில் முகத்தையோ கண்ணையோ கண்டுபிடிக்கும் வசதியை இயக்கி, ஆள் நகர நகரக் கூடவே நகரும் தொடர் ஃபோகஸில் வையுங்கள். அந்த வசதி இல்லாத பழைய கேமரா என்றால் ஒற்றைப் புள்ளி ஃபோகஸை வைத்து, புள்ளியைக் கண்ணின் மேல் நிறுத்துங்கள். எஃப்/1.8-இல் பக்கத்தில் இருந்து எடுத்தால் ஒரு கண் தெளிவாக இருந்து மறுகண் கலங்கும். எஃப்/2.8-க்கு வந்துவிடுங்கள்.

எப்போது எடுத்தாலும் ஒரே அளவு பின்னால் போய் விழுகிறது என்றால் ஒரு சோதனை செய்யலாம். செய்தித்தாளை மேசையில் விரித்து, கேமராவை ஸ்டாண்டில் சாய்வாக நிறுத்தி, நடு வரி ஒன்றில் ஃபோகஸ் செய்யுங்கள். டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) என்றால் ஒருமுறை கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கண்ணாடி வழியாகப் பார்த்தும் ஒருமுறை பின்திரையில் பார்த்தும் எடுங்கள். திரையில் எடுத்தது சரி, கண்ணாடி வழியாக எடுத்தது மட்டும் தவறு என்றால் லென்ஸையும் கேமராவையும் ஒத்துப்போகச் சரிசெய்ய வேண்டும். சில கேமராக்களில் மெனுவுக்குள்ளேயே அதற்கு வசதி உண்டு. இல்லாவிட்டால் இரண்டையும் சேர்த்து சர்வீஸுக்குக் கொடுங்கள். லென்ஸை மட்டும் கொடுத்தால் பயன் இல்லை.

## முகம் கறுத்துப்போகிறது

திண்ணையில் தாத்தா. அவருக்குப் பின்னால் சித்திரை வெயில் தெருவில் கொளுத்துகிறது. படத்தில் தெரு பளிச்சென்று இருக்கும், தாத்தா நிழலாக இருப்பார்.

முதலில் நீங்கள் நகருங்கள். வாசலை உங்களுக்குப் பக்கவாட்டில் விட்டுவிட்டால் அந்த வெயிலே அவர் முகத்தின் ஒரு பாதியில் மெதுவாக விழும். அவரை நகரச் சொல்லாதீர்கள், சொன்னால் போஸ் வந்துவிடும். நகர இடமில்லை என்றால் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். போனில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ள வேண்டும். கேமராவில் எக்ஸ்போஷர் ஈடு +1 அல்லது +1.5. தெரு வெளுத்துப்போகும், போகட்டும்.

வெளிச்சத்துக்கு எதிரே நிற்காமலே முகம் கறுக்கிறதா? படத்தில் பளபளப்பாக ஏதாவது நிறைய இருக்கிறதா என்று பாருங்கள். சிவதாபுரத்தில் பெரியப்பா வீட்டில் வெள்ளிக் கொலுசு வேலை. விளக்கடியில் குவிந்திருக்கும் வெள்ளியைப் பார்த்து, இடமே வெளிச்சமாக இருப்பதாகக் கேமரா நினைத்துக்கொண்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். வெள்ளை வேட்டி சட்டையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான். இங்கேயும் +1 போதும்.

ஃபிளாஷ் வேண்டாம். முகம் தட்டையாகும், கண் சிவக்கும், அதற்கப்புறம் அன்றைக்கு யாரும் இயல்பாக இருக்க மாட்டார்கள்.

## நிறம் கெடுகிறது, அல்லது படத்தில் பட்டை பட்டையாகக் கோடு

முகத்தில் ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம். ஜன்னல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்திருக்கின்றன. பகலில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். இரவில் அறைக்கு ஒரே வகை விளக்கு எரியட்டும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சீரியல் லைட் போட்ட வீட்டில் நிறம் கலப்பதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம்.

குறுக்கே கருப்புப் பட்டைகள். மலிவான எல்இடி விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரிந்துவிடுகிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்குக் கொண்டுவந்தால் பட்டை மறையும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இது அதிகம் வரும் என்பதால், அந்த அறையில் மட்டும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் பல்பை மாற்றுவதுதான். கூடத்தில் ஒரே ஒரு நல்ல பல்பு போதும், கேமராவை மாற்ற வேண்டியதில்லை.

## படம் முழுக்க மூட்டம்

இது மலை வீட்டுக் கோளாறு. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். ஐப்பசி கார்த்திகையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும்.

### சற்று முன்புவரை நன்றாக இருந்தது

காலையில் காப்பித் தோட்டத்தில் சுற்றிவிட்டுச் சித்தியின் அடுப்படிக்குள் நுழைந்ததும் லென்ஸ் வெளுத்துப்போகும். சில்லிட்ட கண்ணாடியில் வெந்நீர் ஆவி படிகிறது, அவ்வளவுதான். துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். உள்ளே வருவதற்கு முன்பே, குளிரில் நிற்கும்போதே, கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடிவிடுங்கள். உள்ளே வந்து அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். ஈரம் கவரின் மேல் படியும், கேமரா தப்பும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவே கூடாது, ஈரம் உள்ளே போய்விடும்.

### காய்ந்த பிறகும் மூட்டம் போகவில்லை

லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி, வேர் மாதிரி நூல்கள் தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் சின்னதாக இருந்தால் படத்தைப் பெரிதாகப் பாதிக்காது. உடனே உலர்ந்த இடத்துக்கு மாற்றினால் மேலும் பரவுவது நிற்கலாம். நடுவில் இருந்தால் லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். வீடியோவைப் பார்த்து நீங்களே பிரிக்காதீர்கள். கண்ணாடி ஒரு மயிரிழை விலகினாலும் பிறகு ஃபோகஸ் ஒரு பக்கம் சாயும். கேமராவோடு வந்த சாதாரண லென்ஸ் என்றால், சுத்தம் செய்ய எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அதே லென்ஸ் பழையதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்றும் பாருங்கள். பல சமயம் பழையது ஒன்றை வாங்குவது லாபம்.

வராமல் தடுக்கப் பெரிய செலவில்லை. காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா, அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். தோல் பையில் போட்டுப் பீரோவில் பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்குப் பிடித்த ஏற்பாடு. சித்தி வீட்டில் இரண்டு லென்ஸ் அப்படித்தான் போயின. கேமராவை வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துவது அதற்கும் நல்லது, முதல் தலைப்பில் சொன்ன விறைப்புக்கும் நல்லது.

## சிரித்து முடித்த பிறகுதான் படம் விழுகிறது

போனில் தொடர் படமாக எடுத்து (சில போன்களில் பட்டனை அமுக்கிப் பிடிக்க வேண்டும், சிலவற்றில் பட்டனை ஒரு பக்கம் இழுக்க வேண்டும்), பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சேமிக்க இடம் நிறைந்த போன் மெதுவாகும், வாட்ஸ்ஆப் வீடியோக்களை அழித்துவிட்டுப் பாருங்கள். கேமராவில் பட்டனைப் பாதி அமுக்கி ஃபோகஸைத் தயாராக வைத்திருங்கள்.

அப்புறம் பேச்சைக் கேளுங்கள். மாமா கதை சொல்லும்போது சிரிப்பு எங்கே வரும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அந்தக் கதையை நாற்பது முறை கேட்டிருக்கிறோம். அந்த இடத்தில் மாமாவை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கும் அத்தையின் பக்கம் கேமராவைத் திருப்புங்கள்.

## பின்னணி கசகசவென்று இருக்கிறது

துணிக்கொடி, கேஸ் சிலிண்டர், சுவிட்ச் போர்டு, மளிகைக்கடை காலண்டர். இதைக் கோளாறு என்று சொல்லித்தான் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் நான் அப்படியே விடச் சொல்வேன். எங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் நான் உற்றுப் பார்ப்பது முகங்களுக்குப் பின்னால் இருப்பதைத்தான்: பூ வேலை செய்த துணி போர்த்திய டிவி, ஜாதிக்காய்ப் பெட்டி, இப்போது இல்லாத அந்தப் பச்சைக் கதவு.

இரண்டை மட்டும் பாருங்கள். கண்ணை இழுக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் வாளி போன்றவை இருந்தால் ஆட்கள் வருவதற்கு முன்பே நகர்த்திவிடுங்கள். தலையிலிருந்து கம்பம் முளைத்த மாதிரி தெரிந்தால் அரை அடி பக்கத்தில் தள்ளி நில்லுங்கள். போனின் போர்ட்ரெயிட் மோடால் பின்னணியை அழிக்காதீர்கள். அம்மாயியின் நரைமுடியையும் சேர்த்து வெட்டிவிடும்.

## போனில் அழகாக இருந்தது, பிரிண்டில் சொரசொரப்பு

வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தைப் பிரிண்டுக்குக் கொடுத்திருப்பீர்கள். அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். எடுத்தவரிடம் டாகுமென்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். 4×6 அங்குலப் பிரிண்ட் நன்றாக வர 1200×1800 பிக்சல் வேண்டும். மூலப்படத்தில் அது தாராளமாக இருக்கும்.

## கார்டில் இருந்த படங்களைக் காணோம்

உடனே படம் எடுப்பதை நிறுத்துங்கள். கேமரா "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். வேறு கார்டு ரீடரில், வேறு கணினியில் போட்டுப் பாருங்கள். பல நேரம் ரீடர்தான் கெட்டிருக்கும். கார்டு தெரிகிறது, படம் தெரியவில்லை என்றால் மீட்பு மென்பொருளை ஓட்டலாம். மீட்டதைக் கணினியில்தான் சேமிக்க வேண்டும், அதே கார்டில் கூடாது. எந்தக் கணினியிலும் கார்டே தெரியவில்லை என்றால், உள்ளே இருப்பது திரும்பக் கிடைக்காத படமாக இருந்தால் மட்டும் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். கட்டணத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். அந்தக் கார்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

## வருடம் முழுக்க எடுத்ததில் நீங்கள் ஒரு படத்திலும் இல்லை

அறுபதாம் கல்யாணம் மாதிரிப் பெரிய விசேஷம் என்றால் போட்டோகிராபருக்குச் சொல்லிவிட்டு நீங்கள் பந்தியில் உட்காருங்கள். அந்தச் செலவு தகும்.

மற்ற நாட்களில் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் அதன் கையில் கேமராவைக் கொடுங்கள். 1/250, ஆட்டோ ஐஎஸ்ஓ, எஃப்/4, முகம் தேடும் ஃபோகஸ் எல்லாம் வைத்துவிட்டு, வாரைக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். அப்புறம் எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். சென்ற பொங்கலுக்கு என் அக்கா மகனிடம் ஒரு மணி நேரம் விட்டுவைத்தேன். அத்தனையும் அவன் இடுப்பு உயரத்திலிருந்து எடுத்தவை. அதில் ஒன்றில் நான் கொல்லைப்படியில் உட்கார்ந்து, கரும்பைக் கடித்துக்கொண்டே அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன், அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.